பழைய கேசட்டையும் டிஸ்க்கையும் எடைக்குப் போடும் முன்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம்.

வீட்டை அடைத்துக்கொண்டிருக்கும் சாமான்களைக் கழிப்பது பற்றி உங்கள் நாளிதழில் அண்மையில் வந்த கட்டுரையில், வீடியோ கேசட், விசிடி, டிவிடி மூன்றையும் ஒரே வரியில் சேர்த்து, படமெல்லாம் இணையத்திலேயே கிடைப்பதால் இவற்றைத் தயங்காமல் எடைக்குப் போடலாம் என்று எழுதியிருந்தார்கள். எல்லோரும் அறிந்த, நன்றாக ஓடிய படங்களுக்கு அது சரியாக இருக்கலாம். அதிகம் பேசப்படாத படங்களுக்கு அந்த யோசனை பெருங்கேடு. ஒரு படம் இணையத்துக்கு வர வேண்டுமானால் உரிமை யாரிடம் இருக்கிறது என்பது தெளிவாக இருக்க வேண்டும். ஸ்கேன் செய்யத்தக்க நெகட்டிவோ பிரிண்டோ கையில் இருக்க வேண்டும். அதற்குப் பணம் போட ஒருவர் முன்வர வேண்டும். இதில் ஒன்று தட்டினாலும் வேலை அங்கேயே நின்றுவிடும். தயாரிப்பு நிறுவனம் மூடப்பட்டு, வாரிசுகளுக்குள் பேச்சு முறிந்து, நெகட்டிவ் எங்கே போனது என்றே தெரியாத படங்கள் எல்லா நாட்டிலும் உண்டு. அப்படியொரு படத்தை இன்று பார்க்க முடிகிறது என்றால், என்றோ ஒரு சிறு வெளியீட்டாளர் போட்ட கேசட் யாரோ ஒருவர் வீட்டில் பிழைத்துக் கிடக்கிறது என்று பொருள்.

இணையத்தில் இருந்தாலும் அது அதே படம்தானா என்று பார்க்க வேண்டும். பழைய ஒப்பந்தங்கள் பலவற்றில் பாட்டுக்கு வாங்கிய உரிமை திரையரங்கு, தொலைக்காட்சி போன்ற அன்றைய வழிகளுக்கு மட்டுமே. பிற்பாடு டிவிடியாக வெளியிடும்போது மறுபடி பணம் கட்டாமல் வேறு இசையைப் போட்டு நிரப்பிவிடுவதுண்டு. அந்த நிலையில் படத்தின் அசல் ஒலி பழைய கேசட்டில்தான் இருக்கும். கூடவே வந்த சரக்கும் அப்படியே. 1984-ல் வெளியான 'கிங் காங்' லேசர்டிஸ்க்கில்தான் (டிவிடிக்கு முந்தைய பெரிய வீடியோ தட்டு) படத்தோடு சேர்ந்து ஓடும் விளக்கவுரை என்ற வழக்கம் தொடங்கியது. அந்தக் காலத்தில் பதிவான விளக்கவுரைகள் சில, வெளியீட்டாளரின் உரிமை முடிந்ததும் லேசர்டிஸ்க்கோடு நின்றுபோயின.

எனவே கழிப்பதற்கு முன் பிரியுங்கள். எந்தப் படம் நல்ல டிஸ்க்காக மறுபடி வந்திருக்கிறது, எது வரவில்லை என்று தேடிப் பாருங்கள். தலைப்பை மட்டும் வைத்துத் தேடினால் ஏமாந்துபோவீர்கள். கேசட் வெளியீட்டாளர்கள் ஒரே படத்தை இரண்டு மூன்று பெயர்களில் விற்றிருக்கிறார்கள். இயக்குநர், ஆண்டு, முக்கிய நடிகர்கள் மூன்றையும் சேர்த்துத் தேடினால்தான் உண்மை தெரியும்.

மறுவெளியீடு இல்லாதவை என்று தேறியவற்றில் முதலில் கைவைக்க வேண்டியது கேசட்டில். காந்த டேப்புக்கு ஆயுள் குறைவு. அதை ஓட்டும் டெக்குக்கு, அதாவது வி.சி.ஆர். கருவிக்கு, ஆயுள் அதைவிடக் குறைவு. வீடுகளில் பரவலாக இருந்த வீடியோ கேசட் முறையான வி.எச்.எஸ். 1976-ல் வந்தது. வி.சி.ஆர். தயாரித்துவந்த கடைசி நிறுவனமான ஜப்பானின் ஃபுனாய் 2016 ஜூலையில் உற்பத்தியை நிறுத்திவிட்டது. இனி நம் கைக்கு வரும் டெக் எல்லாமே பழையவைதான். அவற்றின் பெல்ட் தளர்ந்திருக்கும், டேப்பை அழுத்தி நகர்த்தும் உருளையான பிஞ்ச் ரோலரின் ரப்பர் இறுகியிருக்கும், மின்சாரப் பகுதியில் கெப்பாசிட்டர் கசிந்திருக்கும். பிஞ்ச் ரோலர் இறுகிய டெக் டேப்பின் ஓரத்தை மடித்துக் கசக்கிவிடும். அந்த மடிப்பு போகவே போகாது. ஆகவே புதிதாகக் கையில் வந்த டெக்கில் முதலில் போட்டுப் பார்க்க வேண்டியது, போனாலும் கவலையில்லாத ஒரு கேசட்டை. அதை முழுக்க ஓட்டி, திரும்பச் சுற்றி, வெளியே எடுத்து மூடியைத் திறந்து டேப்பின் இரண்டு ஓரங்களையும் பாருங்கள். நேராக இருந்தால்தான் அரிய கேசட்டை அதில் போட வேண்டும்.

அரிய கேசட்டைப் போடும் முன்பும் சில வேலை இருக்கிறது. மேலே உள்ள கண்ணாடி ஜன்னல் வழியாக, வெளிச்சத்தைச் சாய்வாகக் காட்டி, சுருளின் பக்கவாட்டைப் பாருங்கள். நல்ல சுருள் கறுப்பாக, வழவழப்பாக மின்னும். வெள்ளையாகவோ சாம்பல் நிறத்திலோ பொடி படிந்திருந்தால், நூல் போன்ற கிளைகள் தெரிந்தால், அது பூஞ்சை. அப்படியே ஓட்டினால் படம் கெடுவதோடு நிற்காது. டேப்பைப் படிக்கும் ஹெட் பொருந்திய, சுழலும் உருளையான டிரம்மில் பூஞ்சை ஒட்டி, அடுத்தடுத்துப் போடும் கேசட்டுகளுக்கெல்லாம் பரவும். அத்தகைய கேசட்டை மற்றவற்றிலிருந்து பிரித்துப் பையில் கட்டி வைத்து, சுத்தம் செய்யத் தெரிந்தவரிடம் கொடுப்பதே நல்லது. கூடு மட்டும் உடைந்திருந்தால் பயம் வேண்டாம். அடிப்புறத்தில் உள்ள ஐந்து திருகுகளைக் கழற்றி, இரண்டு சுருள்களையும் வேறொரு நல்ல கூட்டுக்கு மாற்றிவிடலாம். டேப் எந்த உருளையைச் சுற்றி எந்தப் பக்கம் போகிறது என்று முதலிலேயே படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

முதுகுப்புற ஓரத்தில் உள்ள சின்னப் பிளாஸ்டிக் நாக்கு இன்னும் இருந்தால் அதை உடைத்துவிடுங்கள்; தவறிப்போய் ரெக்கார்டு பட்டனை அழுத்தினாலும் அழியாது. ஆண்டுக்கணக்கில் ஓடாத கேசட்டை எடுத்த எடுப்பில் பிளே செய்யக் கூடாது. பிளே செய்யாமல் ஒரு முறை கடைசிவரை வேகமாகச் சுற்றவிட்டு, திரும்பவும் முழுக்கச் சுற்றினால் சுருளின் இறுக்கம் சீராகும். இதைச் செய்யாவிட்டால் படத்தின் மேல்பகுதி ஒரு பக்கமாக வளைந்து ஆடுவது அதிகமாகும்.

திரை முழுக்கப் பொட்டுப் பொட்டாக வந்தால் ஹெட்டில் அழுக்கு. கீழேயோ மேலேயோ ஒரு பட்டை மட்டும் இரைச்சலாக இருந்து, டிராக்கிங் (ஹெட்டை டேப்பின் தடத்தோடு பொருத்தும் சரிசெய்கை) திருகினால் நகர்ந்தால், ஹெட்டில் கை வைக்க வேண்டாம். டிராக்கிங்கையே பொறுமையாகச் சரிசெய்யுங்கள். ஹெட் துடைக்க 99 சதவீத ஐசோபுரோபைல் ஆல்கஹாலும், மெல்லிய ஷாமாய்த் தோல் ஒட்டிய குச்சியும் வேண்டும். காது குடையும் பஞ்சுக்குச்சி ஆகாது. பஞ்சு இழை ஹெட்டின் விளிம்பில் மாட்டிக்கொண்டு அதைப் பெயர்த்துவிடும். மின்சாரத்தைத் துண்டித்துவிட்டு, நனைத்த தோலை டிரம்மின் பக்கவாட்டில் லேசாக ஒட்டிப் பிடித்து, டிரம்மை மேலிருந்து விரலால் மெதுவாகச் சுழற்றுங்கள். தோல் அசையக் கூடாது, டிரம்தான் சுழல வேண்டும். மேலும் கீழுமாகத் தேய்த்தால் ஹெட் ஒடியும். ஓடும்போது நிமிடத்துக்கு, இந்தியாவில் இருந்த 'பால்' (PAL) டிவி முறையில் 1,500, அமெரிக்காவில் இருந்த என்.டி.எஸ்.சி. முறையில் 1,800 சுற்று சுழலும் பாகம் டிரம். ஒடிந்தால் டெக்கே வீண். ஐந்து நிமிடம் உலரவிட்டு அப்புறம் ஓட்டுங்கள்.

இனி கம்ப்யூட்டருக்கு மாற்றுவது. மலிவான யு.எஸ்.பி. கேப்சர் கருவியோடு வரும் மென்பொருள், படம் வந்துகொண்டிருக்கும்போதே அதைச் சுருக்கிப் பதிவு செய்யும். பழைய டேப்பில் ஒவ்வொரு வரியும் வந்துசேரும் நேரம் சற்று முன்பின்னாக இருக்கும். அந்த ஆட்டத்தைத் தாங்க முடியாமல் கருவி ஃபிரேம்களைத் தவறவிடும். ஒவ்வொன்றாகத் தவறித் தவறி, படம் முடியும்போது உதடு ஒரு பக்கம், பேச்சு ஒரு பக்கம் என்று ஆகிவிடும். இதற்கு மருந்து, வரிகள் வரும் நேரத்தைச் சீராக்கும் டைம் பேஸ் கரெக்டர். வி.எச்.எஸ்.ஸின் மேம்பட்ட வகையான எஸ்-வி.எச்.எஸ். டெக்குகள் சிலவற்றில் அது உள்ளேயே இருக்கிறது. அவற்றின் எஸ்-வீடியோ இணைப்பிலிருந்து எடுக்கும்போது நிறமும் வெளிச்சமும் தனித்தனிக் கம்பியில் வருவதால் விளிம்பில் நிறம் ஊர்வதும் குறையும். பால் என்றால் 720க்கு 576, நொடிக்கு 25 ஃபிரேம், என்.டி.எஸ்.சி. என்றால் 720க்கு 480, நொடிக்கு 29.97. ஹஃப்ஒய்யுவி அல்லது எஃப்எஃப்வி1 போன்ற இழப்பில்லாத முறையில் பதியுங்கள். ஒரு மணி நேரத்துக்கு ஏறக்குறைய 30 ஜிபி ஆகும். இன்றைய ஹார்டு டிஸ்க் விலையில் இதற்குக் கஞ்சத்தனம் பார்க்க வேண்டியதில்லை. ஒற்றை வரியும் இரட்டை வரியுமாக மாறி மாறி வரும் இன்டர்லேஸ் அமைப்பை மூலப் பதிவில் கலைக்கக் கூடாது. பார்ப்பதற்கான பிரதியில் மட்டும் கலைத்துக்கொள்ளலாம். பதிவு முடிந்ததும் மென்பொருள் காட்டும் தவறிய ஃபிரேம் எண்ணிக்கையைப் பாருங்கள். பூஜ்யம் வர வேண்டும். வராவிட்டால் மறுபடி எடுக்க வேண்டும். படத்தின் அடிவிளிம்பில் சில வரிகள் கிழிந்தது போல் வருவது கோளாறல்ல. ஒரு ஹெட்டிலிருந்து மறு ஹெட்டுக்கு மாறும் இடம் அது. பழைய டிவி அதைச் சட்டத்துக்குள் மறைத்துவிடும்.

வீட்டில் பதிவான கேசட் எந்த டெக்கில் பதிவானதோ, அதே டெக் இன்னும் இருந்தால் அதையே பயன்படுத்துங்கள். ஆறு மணி நேரம் பதியும் மெதுவான வேகத்தில் எடுத்தவற்றுக்கு இது கட்டாயம் என்றே சொல்லலாம். தடம் அவ்வளவு குறுகலானது, வேறு டெக் அதைப் பிடிக்கத் திணறும். டெக்கின் படத்துக்கான மின்சுற்றைத் தாண்டி, ஹெட்டிலிருந்து வரும் மூல அலையையே பதிந்துகொண்டு கம்ப்யூட்டரில் படமாக்கும் 'வி.எச்.எஸ். டீகோட்' என்ற திறந்த மென்பொருளும் இப்போது இருக்கிறது. டெக்கைத் திறந்து கம்பி பற்றவைக்கத் தெரிந்தவர்களுக்கு ஏற்ற வழி.

அடுத்து டிஸ்க். இதிலும் வரிசை உண்டு. கம்ப்யூட்டரில் எழுதிய டிஸ்க் முதலில், விசிடி அடுத்து, தொழிற்சாலையில் அச்சிட்ட டிவிடி அதற்கும் அடுத்து. எழுதிய டிஸ்க்கின் அடிப்பக்கம் ஊதாவாகவோ நீலமாகவோ இளம்பச்சையாகவோ இருக்கும். அச்சிட்டது வெள்ளியாக இருக்கும். எழுதியதில் தகவலைத் தாங்குவது கரிமச் சாயம், வெயிலிலும் சூட்டிலும் வெளிறும். அதிகம் விற்காத படங்களைச் சில நிறுவனங்கள் கேட்பவருக்கு மட்டும் இப்படி எழுதிய டிஸ்க்காகவே விற்றன. உறையைப் பார்த்து அச்சிட்டதென்று நம்பிவிடாமல் அடிப்பக்கத்தைப் பாருங்கள்.

விசிடியை மட்டமாகப் பேசுவது வழக்கமாகிவிட்டது. 1993-ல் வந்த அந்த முறையில் படம் அதிகம் போனால் 352க்கு 288 புள்ளிகள்தான், கட்டம் கட்டமாகத் தெரியும், உண்மைதான். ஆனாலும் ஆசியாவில் எத்தனையோ படங்களுக்குக் கேசட்டை அடுத்து விசிடிதான் வந்தது; அதற்குப் பின் எதுவும் வரவில்லை. இதில் எல்லோரும் இடறும் இடம் இரண்டு. ஒன்று, கீறலுக்குப் பயந்து டிஸ்க்கை லேபிள் கீழே இருக்கும்படி வைப்பது. சிடி வகையில் தகவல் படலம் லேபிளுக்கு நேர் அடியில், வார்னிஷ் பூச்சுக்குக் கீழே இருக்கிறது. அடிப்பக்கக் கீறலை மெருகேற்றிச் சரிசெய்யலாம். லேபிள் பக்கத்தில் படலம் உரிந்தால் அந்த இடம் போனது போனதுதான். வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால் ஊசித்துளை போல ஒளி தெரியும். இரண்டாவது, காப்பி எடுப்பது. விசிடியில் அதிக நேரம் அடைக்க வேண்டும் என்பதற்காக, கம்ப்யூட்டர் சிடியில் இருக்கும் கூடுதல் பிழைத்திருத்தத் தகவலை விட்டுவிட்டு அந்த இடத்திலும் படத்தைப் போட்டிருக்கிறார்கள். அதனால் பிளேயர் ஒரு சிறு திக்கலோடு கடந்துபோகும் கீறலில், கம்ப்யூட்டர் 'படிக்க முடியவில்லை' என்று காப்பியையே நிறுத்திவிடும். வேகத்தைக் குறைத்து, பிழையைத் தாண்டிச் செல்லும் மென்பொருளால் படியுங்கள். டிரைவை மாற்றிப் பார்த்தாலே பாதி சிக்கல் தீரும். கிடைக்கும் டாட் (.dat) கோப்புக்குள் இருப்பது சாதாரண எம்பெக்-1 படம். கோப்பின் வெளி உறையை மட்டும் நீக்கி அப்படியே எடுங்கள். மறுபடி சுருக்கவும் வேண்டாம், பெரிதாக்கவும் வேண்டாம்.

டிவிடியில் தகவல் படலம் 0.6 மில்லிமீட்டர் கனமுள்ள இரண்டு தகடுகளுக்கு நடுவில் ஒட்டப்பட்டிருக்கிறது. இங்கே எதிரி அந்தப் பசை. ஓரத்திலிருந்து மேகம் போலக் கறை பரவினாலோ, படம் பாதிக்கு மேல் உறைந்து நின்றாலோ ஒட்டு விடத் தொடங்கிவிட்டது என்று சந்தேகிக்கலாம். 2006-க்கும் 2008-க்கும் இடையே அச்சான தன் டிவிடிகள் சிலவற்றில் கோளாறு இருப்பதைப் பெரிய ஹாலிவுட் நிறுவனமொன்றே 2025-ல் ஒப்புக்கொண்டது. முதல் பத்து நிமிடத்தை மட்டும் ஓட்டிப் பார்த்துத் திருப்திப்படாதீர்கள். 8.5 ஜிபி கொண்ட இரட்டை அடுக்கு டிஸ்க்கில் இரண்டாம் அடுக்குதான் முதலில் மக்கர் செய்யும். படத்தின் கடைசி மூன்றில் ஒரு பகுதியைச் சோதியுங்கள். பெட்டியிலிருந்து எடுக்கும்போது நடுவில் உள்ள குமிழை அழுத்திவிட்டு எடுங்கள். ஓரத்தைப் பிடித்து வளைத்து இழுக்க இழுக்க ஒட்டு தளரும், நடு வளையத்தில் வெடிப்பும் விழும்.

கெட்டுவரும் டிஸ்க்கிலிருந்து மீட்க 'டிடிரெஸ்க்யூ' என்ற இலவச மென்பொருள் போதும். படித்த இடம், படிக்காத இடம் இரண்டையும் ஒரு வரைபடக் கோப்பில் அது குறித்துக்கொண்டே போகும். நிறுத்திவிட்டு, வேறு டிரைவில் போட்டு, அதே வரைபடத்தோடு தொடர்ந்தால் விட்டுப்போன இடங்களை மட்டும் மறுபடி முயலும். அதே அச்சில் வந்த இன்னொரு டிஸ்க் கிடைத்தால் அதையும் சேர்த்து ஓட்டலாம். இரண்டு டிஸ்க்கும் வெவ்வேறு இடத்தில் கெட்டிருந்தால் முழுப் படமும் தேறும். அதே அச்சுதானா என்பதை அடிப்பக்கத்தில் நடு வளையத்தில் பொறித்த குறியீட்டைக் கொண்டு ஒப்பிடுங்கள். உறை ஒன்றாக இருப்பது சாட்சியாகாது. காப்பி எடுக்க முடியாதபடி பூட்டுப் போட்ட டிஸ்க்கைச் சொந்தப் பாதுகாப்புக்காகப் பிரதியெடுப்பது பற்றிய சட்டம் நாட்டுக்கு நாடு வேறுபடும். அதைத் தெரிந்துகொண்டு செய்ய வேண்டும்.

சேகரிப்பில் பலரும் கவனிக்காமல் விடுவது, கையிலிருப்பது எந்தப் பிரதி என்பதை. உறையில் போட்டிருக்கும் நேரத்தை நம்பக் கூடாது, பிளேயரில் அளக்க வேண்டும். அளந்ததும் குறைகிறதே என்று வெட்டுப்பட்ட பிரதி என முடிவுகட்டவும் கூடாது. பால் முறையில் நொடிக்கு 24 ஃபிரேம் படத்தை 25 ஆக ஓட்டுவதால் 100 நிமிடப் படம் 96 நிமிடத்தில் முடியும். குரலும் சற்றே கீச்சென்று ஒலிக்கும். பால் டிஸ்க்கின் நேரத்தை 25-ஆல் பெருக்கி 24-ஆல் வகுத்துப் பாருங்கள். அப்போதும் குறைந்தால்தான் வெட்டு. வெட்டு எங்கே என்று கண்டுபிடிக்க ரீல் முனைகளைப் பாருங்கள். 2,000 அடி ரீல் 22 நிமிடம் ஓடும். ஒவ்வொரு ரீல் முடிவிலும் திரையின் வலது மேல் மூலையில் ஒரு புள்ளி மின்னி, ஏழெட்டு நொடி கழித்து இன்னொரு புள்ளி மின்னும். புரொஜெக்டர் மாற்றுபவருக்கான அடையாளம் அது. முதல் புள்ளி வந்து இரண்டாவது வராமல் காட்சி தாவினால், அந்த வெளியீட்டுக்கான மாஸ்டர் (மூலப் பதிவு) திரையரங்கில் தேய்ந்த பிரிண்டிலிருந்து எடுத்தது. ரீல் முனை கிழிந்து போயிருக்கிறது.

படச் சட்டத்தின் அளவும் இப்படித்தான். உயரத்தைப் போல் 2.35 மடங்கு அகலமான படத்தைப் பழைய டிவி அளவுக்கு வெட்டும்போது நூற்றுக்கு 43 பங்கு படம் போய்விடுகிறது. அகல டிவி வந்த பிறகு எதிர்த்திசையில் தவறு நடக்கிறது. 1953-க்கு முந்தைய, கிட்டத்தட்டச் சதுரமான படங்களை 16:9 ஆக்குவதற்காகத் தலையையும் காலையும் வெட்டி, கால்பங்கு படத்தை எறிந்துவிட்டு 'புதுப்பிக்கப்பட்டது' என்று விற்கிறார்கள். அத்தகைய புது டிஸ்க்கைவிட மங்கலான பழைய கேசட்டே மேல். அகலமாக இழுத்திருக்கிறார்களா என்று அறிய, காட்சியில் வரும் கடிகாரத்தையோ வண்டிச் சக்கரத்தையோ திரையில் நிறுத்தி அளவுகோலால் அளந்தால் போதும்.

இந்த இடத்தில் உங்கள் நாளிதழுக்கு ஒரு வேண்டுகோள். பழைய படங்களின் மறுவெளியீட்டைப் பற்றி எழுதும்போது அளந்த ஓட்ட நேரம், படச் சட்ட அளவு, மூலம் நெகட்டிவா பிரிண்டா, ஒலி அசலா மாற்றியதா என்ற நான்கு விவரங்களையும் சேர்த்துப் போடுங்கள். கதைச் சுருக்கத்தில் இரண்டு வரி குறைந்தாலும் பரவாயில்லை.

மாற்றிய கோப்புகளை மூன்று பிரதியாக, அதில் ஒன்றை வேறு வீட்டில் வைக்க வேண்டும். ஒவ்வொரு கோப்புக்கும், அது மாறாமல் இருக்கிறதா என்று காட்டும் சரிபார்ப்பு எண் (செக்சம்) எடுத்து, ஆண்டுக்கு ஒரு முறை ஒப்பிட வேண்டும். கேசட்டை நிமிர்த்தி, டேப் முழுக்க ஒரே பக்கம் சுற்றியபடி வையுங்கள். டிஸ்க்குகளுக்கு 4 முதல் 20 டிகிரி செல்சியஸ், 20 முதல் 50 சதவீத ஈரப்பதம் என்பது அமெரிக்காவின் தேசியத் தர நிர்ணய நிறுவனம் 2003-ல் வெளியிட்ட வழிகாட்டி. பி.வி.சி. பையும் ஒட்டும் லேபிளும் வேண்டாம்.

டெக்கும் நேரமும் இல்லாதவர்கள், கழிக்கும் முன் ஒரு பட்டியல் மட்டும் எழுதுங்கள். உறையில் உள்ள தலைப்பு, மூலத் தலைப்பு, ஆண்டு, இயக்குநர், வெளியீட்டாளர், வரிசை எண், மொழி, நேரம், சுருளின் நிலை இவ்வளவும் இருந்தால் போதும். அதை 1938 முதல் இயங்கும் சர்வதேசத் திரைப்பட ஆவணக் காப்பகக் கூட்டமைப்பில் உறுப்பினராக உள்ள ஏதேனும் ஒரு காப்பகத்துக்கோ, அந்த மொழிப் படங்களைச் சேர்ப்பவருக்கோ அனுப்பி, இதில் உங்களிடம் இல்லாதது எது என்று கேளுங்கள். பதில் வரும்வரை விசிடி செட்டில் மூன்றாவது டிஸ்க்கைத் தனியாகப் பிரியவிடாமல், கேசட்டை அதன் அசல் உறையோடு சேர்த்தே வைத்திருங்கள்.

இங்ஙனம்,
பழைய படங்களைச் சேகரிக்கும் வாசகர் ஒருவர்